பல்லுக்குக் கம்பி போடுபவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

மகளுக்கு முன்பல் எடுப்பாக இருந்தது. எங்கள் ஏரியாவில் எப்போதும் கூட்டம் நிற்கும் ஒரு கிளினிக்கில் கம்பி போட்டோம். 'பேக்கேஜ் 45,000, எல்லாம் இதுலேயே அடக்கம்' என்றார்கள். நாலு பல்லைப் பிடுங்கி இடம் பண்ணி, இரண்டு வருடம் போல முறுக்கினார்கள். மாதாமாதம் ஒரு புது முகம். எம்.டி.எஸ். ஆர்த்தோ (பல் வரிசையைச் சீராக்கும் மேற்படிப்பு) படித்தவர் யார் என்று கேட்டால், 'சார் மேல இருந்து பாத்துக்கிறார்' என்று பதில் வரும்.

கம்பி கழற்றிய அன்று, 'பல் செட் ஆயிடுச்சு, இனி ஒண்ணும் வேண்டாம்' என்று அனுப்பிவிட்டார்கள். ரிடெய்னர் (கம்பி கழற்றிய பிறகு பல் நகராமல் பிடித்து வைக்க மாட்டுவது) என்ற பேச்சே எழவில்லை. சில மாதங்களில் பல் பிடுங்கிய இடத்தில் சந்து விழுந்தது, ஒரு முன்பல் திரும்பிக்கொண்டது. போய்க் கேட்டால், ரிடெய்னர் பேக்கேஜில் வராதாம். மறுபடி கம்பி போட இன்னொரு 25,000 வேண்டுமாம்!

வேறொரு ஆர்த்தோ டாக்டரிடம் காட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. நகர்த்திய பல்லைச் சுற்றி எலும்பும் ஈறின் நார்களும் புது இடத்துக்குப் பழகப் பல மாதம் ஆகும். அதுவரை பல் பழைய இடத்துக்கே போகப் பார்க்கும். அதனால் முதல் சில மாதம் சாப்பிடும் நேரம் தவிர ரிடெய்னர் வாயிலேயே இருக்க வேண்டும், அப்புறம் வருடக்கணக்கில் இரவில் மட்டும். அதைச் சுடுதண்ணீரில் கழுவினால் வளைந்துவிடும் என்பதையும் அவர்தான் சொன்னார்.

அவர் காட்டிய இன்னொன்று: பிராக்கெட் (கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் சின்னத் துண்டு) ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு தீற்றியது போல வெள்ளைத் திட்டுகள். சொத்தையின் தொடக்கமாம். கம்பி இருக்கும்போது இடுக்கில் விடும் சின்ன பிரஷ், ஃபுளோரைடு பேஸ்ட் என்று கிளினிக்கில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பல்லில் மிச்சம் விட்ட பசையைக்கூட இவர்தான் தேய்த்து எடுத்தார். நாக்கு பட்டாலே சொரசொரவென்று இருக்கிறது என்று பிள்ளை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பில் கேட்டபோதெல்லாம் அப்பாயின்ட்மென்ட் கார்டின் பின்பக்கம் தொகையைக் கிறுக்கிக் கையெழுத்துப் போட்டார்கள். எக்ஸ்ரேயும் பல் அச்சும் கேட்டால் 'பழசெல்லாம் இல்லை'. பேக்கேஜில் ரிடெய்னர் உண்டா, பிறகு வரும் செக்கப் யார் செலவு என்பதை முதல் நாளே எழுதி வாங்குங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் புகார் தர வேண்டும், கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. அந்தக் கார்டையும் ஜிபே ரசீதுகளையும் வைத்து நாங்கள் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.