நன்றாக இருக்கும் நாய்க்கு எதற்கு டாக்டர்? முள்ளோடை தாண்டிப் போகும் கிளினிக் பற்றி

கடலூரில் இருந்துகொண்டு நாய்க்கு ஊசி போடப் பாண்டி வரைக்கும் போக வேண்டுமா என்று மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் கேட்காத ஆள் இல்லை. நாயைச் சாக்காக வைத்துச் சரக்கு வாங்கப் போகிறோம் என்று நினைப்பவர்களும் உண்டு, அது வேறு கதை. நான் போவது முள்ளோடை தாண்டி, கடலூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கும் சின்ன கிளினிக். ஒரு டாக்டரம்மா, உதவிக்கு ஒரு பையன், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் ஒரு லேப்ரடார், ஒரு நாட்டு நாய், இரண்டு பூனை. நாலுக்கும் வருஷாந்திரப் பரிசோதனை, தடுப்பூசி, பூச்சி மாத்திரை எல்லாம் அங்கேதான். அவசரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் இடம் இது இல்லை, எக்ஸ்ரே கூடக் கிடையாது. பெரிய பிரச்சினை என்றால் குரும்பாபேட் ராஜீவ் காந்தி கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்கு அவரே சீட்டு எழுதி அனுப்பிவிடுவார். நோய் வராமல் பார்த்துக்கொள்ள இந்த இடம் எப்படி என்பதை மட்டும் சொல்கிறேன்.

பிடித்த விஷயம், ஊசியை எடுப்பதற்கு முன் நாயைத் தொட்டுப் பார்க்கிறார். இதெல்லாம் ஒரு பாராட்டா என்று கேட்காதீர்கள், காரை விட்டு இறக்காமலே ஜன்னல் வழியாக ஊசி போட்டு அனுப்பும் இடங்களும் இருக்கின்றன. இவர் முதலில் எடை போடுகிறார், பூச்சி மாத்திரை அளவே எடையை வைத்துத்தான். அப்புறம் ஈறின் நிறம், பல்லில் காறை, காதுக்குள் நாற்றம், தாடைக்குக் கீழே நெறி கட்டியிருக்கிறதா, நெஞ்சுச் சத்தம், கடைசியாக விலாவில் கை வைத்து அழுத்தாமல் தடவிப் பார்ப்பார். எங்கள் லேப்ரடாருக்கு விலா எலும்பு கையில் தட்டுப்படவே இல்லை, அவ்வளவு கொழுப்பு. என்ன போடுகிறீர்கள் என்று நோண்டி நோண்டிக் கேட்டதில், சாயங்கால டீயோடு அப்பா ரகசியமாகப் போடும் பொறை வெளியே வந்தது. "அடுத்த தடவை அப்பாவையும் கூட்டிட்டு வாங்க, நான் பேசிக்கிறேன்" என்றார். பேசவும் செய்தார், அப்பா இப்போது வெள்ளரிக்காய்க்கு மாறியிருக்கிறார், அரை மனதாக.

தடுப்பூசி விஷயத்தில் கறார். மருந்தை நம் கண் முன்னால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, காலாவதித் தேதியைக் காட்டி, குப்பியில் இருக்கும் ஸ்டிக்கரை உரித்துக் கார்டில் ஒட்டிக் கையெழுத்துப் போடுகிறார். அந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டியது, வெயிலில் அலைந்து வந்த குப்பியைப் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். என் தங்கை ஒரு பெட் ஷாப்பில் பொமரேனியன் குட்டி வாங்கியபோது "எல்லா ஊசியும் போட்டாச்சுக்கா" என்று ஒரு கார்டைக் கொடுத்தார்கள், ஸ்டிக்கர் ஒன்றுகூட இல்லை, பேனாவில் தேதி மட்டும், அதையும் கணக்குப் போட்டால் குட்டிக்கு அப்போது நாலு வாரம். டாக்டரம்மா அந்தக் கார்டை ஓரமாக வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். தாய்ப்பால் வழியாக வந்த எதிர்ப்புச் சக்தி குட்டி உடம்பில் இருக்கும்வரை அது தடுப்பூசியை வேலை செய்ய விடாது, அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும், அதனால்தான் 6-8 வாரத்தில் ஆரம்பித்து சில வார இடைவெளியில் 16 வாரம் தாண்டும்வரை திரும்பத் திரும்பப் போடுவது என்று பொறுமையாக விளக்கினார். பார்வோ, டிஸ்டெம்பர் என்று குட்டிகளைக் கொல்லும் வைரஸ் நோய்களிடம் குட்டிகள் தப்புவதும் மாட்டுவதும் இதில்தான். காசு பிடுங்கப் பல தடவை வரச் சொல்கிறார்கள் என்று நினைக்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எலிக்காய்ச்சல் ஊசியை நம் ஊர்க்காரர்கள் தவிர்க்கவே கூடாது என்பது அவர் கட்சி, எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. 2024-ல் ஃபெஞ்சல் புயல் முடிந்து தென்பெண்ணை பொங்கி வந்தபோது கடலூர்ப் பக்கம் தண்ணீர் நின்ற இடங்களைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் நாய் நடந்தாலோ குடித்தாலோ போதும், கல்லீரலும் சிறுநீரகமும் அடிவாங்கும், நாயின் மூத்திரத்திலிருந்து நமக்கும் வரலாம். முதல் தடவை சில வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு வருஷம் ஒன்று. அதனால் ஐப்பசி பிறப்பதற்குள் முடித்துவிடுங்கள் என்கிறார். இந்தக் கிருமியில் பல வகை இருப்பதால் ஊசி எல்லாவற்றையும் தடுக்காது, ஊசி போட்டாயிற்று என்று வெள்ளத் தண்ணீரில் இறக்கிவிடாதீர்கள் என்றும் சேர்த்தே சொல்கிறார்.

உண்ணிதான் எங்கள் வீட்டுப் பெரும் தலைவலி. நாட்டு நாய் கொல்லைப்பக்கம் சுற்றிவிட்டு வந்தால் காதுக்குள் திராட்சைக் கொத்து மாதிரி தொங்கும். வேப்பெண்ணெய், மஞ்சள், நாப்தலின் உருண்டை என்று தெருவில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் (நாப்தலின் நாய்க்கு விஷம், தயவுசெய்து வேண்டாம்). டாக்டரம்மா கொடுத்தது மெல்லும் மாத்திரை, ஃப்ளூராலனர் என்ற மருந்து, ஒன்று போட்டால் சுமார் 12 வாரம் தாங்கும். இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஒன்று, உண்ணி நாயைக் கடித்த பிறகுதான் சாகும், அதனால் மாத்திரை போட்ட மறுநாளும் ஒன்றிரண்டு தெரிந்தால் மருந்து போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். இரண்டாவது, பெண் உண்ணி முட்டையிடுவது நாய் மேல் இல்லை, சுவர் வெடிப்பிலும் கட்டில் சந்திலும். நாயை மட்டும் கவனித்துவிட்டு வீட்டை விட்டால் அடுத்த மாதம் அதே கதைதான். வலிப்பு வந்த நாய் என்றால் இந்த வகை மாத்திரைக்கு முன் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், அதையும் அவரே கேட்டார். உண்ணிக் காய்ச்சல் வந்து ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) குறைந்து மூக்கில் ரத்தம் வடிந்த நாய்களைப் பார்த்தால் மாத்திரை விலை பெரிதாகத் தெரியாது. பூனை வைத்திருப்பவர்கள் இன்னும் கவனம்: நாய்க்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்தில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் அது பூனை உயிரையே எடுத்துவிடும்.

சரி, பிடிக்காதவை. ஞாயிற்றுக்கிழமை போனால் தொலைந்தீர்கள். நாயும் பூனையும் ஒரே வராண்டாவில், குரைப்பும் சீறலுமாக, டோக்கனும் கிடையாது, முன்னால் வந்தவர் யார் என்று நாமே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். பில் கேட்டால்தான் பில். அடுத்த ஊசித் தேதிக்கு மெசேஜ் எதுவும் வராது, நாமே போனில் அலாரம் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். எனக்கு உண்மையாகவே கடுப்பேற்றியது அவர்கள் புதிதாக விற்கும் வருஷப் பேக்கேஜ். ஊசியும் பரிசோதனையும் போக ஷாம்பூக் குளியல், முடி பளபளக்க ஒரு டானிக், கால்சியம் என்று சேர்த்து விலையை ஏற்றியிருக்கிறார்கள். நல்ல சாப்பாடு சாப்பிடும் வளர்ந்த நாய்க்கு அந்தக் கால்சியம் எதற்கு? கேட்டேன், அந்தப் பையன் சிரித்தான். பேக்கேஜ் வேண்டாம், தனித்தனியாகவே போடுங்கள் என்றால் முகம் சுளிக்காமல் செய்கிறார்கள், கன்சல்டிங் 300 ரூபாய், ஊசிக்குத் தனி.

ரேபிஸ் ஊசி மட்டும்தான் என்றால் அங்கே போக வேண்டியதே இல்லை. அதை டாக்டரம்மாவே சொன்னார், அதில்தான் எனக்கு அவர் மேல் நம்பிக்கை கூடியது. ஜூலை 6-ஐ ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம் நடத்துவது வழக்கம் (1885-ல் அதே தேதியில்தான் பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டர் உருவாக்கிய வெறிநோய்த் தடுப்பூசியை ஒரு சிறுவனுக்குப் போட்டார்கள்), கார்டை எடுத்துக்கொண்டு போனால் போதும். கிளினிக் சுவரில் ஒரு போர்டும் உண்டு, ஊசி போட்ட வீட்டு நாயே கடித்தாலும் 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று.

போகிறவர்கள் வாரநாளில் காலையிலேயே போங்கள். பூனைக்கான ஊசி பல சமயம் ஸ்டாக் இருக்காது, போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கூடை மேல் ஒரு பழைய துண்டைப் போட்டு மூடினால் பூனை பாதி வழியில் கத்துவதை நிறுத்திவிடும். மலப் பரிசோதனை செய்வதாக இருந்தால் அன்று காலை எடுத்ததைச் சின்ன டப்பாவில் கொண்டுபோனால் அங்கேயே மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்லிவிடுகிறார், அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை.