காரைக்குடிப் பட்டறையில் பைபர் படகின் பின்பலகைக்குச் செய்த வேலை

தொண்டியில் எங்கள் குடும்பம் வைத்திருக்கும் பைபர் படகில், அவுட்போர்டு என்ஜினை (படகின் பின்னால் வெளியே மாட்டும் என்ஜினை) தாங்கும் பின்பலகை என்ஜினை முடுக்கும்போதெல்லாம் முன்னும் பின்னும் அசையத் தொடங்கியது. சுத்தியலால் தட்டிப் பார்த்தபோது மேலே கணீரென்று கேட்ட ஓசை, கீழே போகப்போக ஈரமண்ணைத் தட்டுவதுபோல் மந்தமானது. உள்ளிருந்த பிளைவுட் நீர் குடித்து மட்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். வெளியே இரண்டு அடுக்கு கண்ணாடியிழை மேட் ஒட்டினால் போதும் என்று கரையில் சிலர் சொன்னதை ஏற்காமல், படகை லாரியில் ஏற்றித் தேவகோட்டை வழியாகக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தோம். தண்ணீர்த்தொட்டியும் கதவும் செய்கிற பட்டறை அது என்றாலும், அங்குள்ள மூத்த மேஸ்திரிக்குப் படகு வேலை நன்றாகத் தெரியும். எட்டு மாதம் கடலில் ஓட்டிய பிறகே இதை எழுதுகிறேன்.

படகின் வடிவம் குலையக் கூடாது என்பதற்காக, வெளித்தோலை அப்படியே விட்டுவிட்டு உட்புறத்தை மட்டும் அறுத்துத் திறந்தார்கள். நீர் வடியும் துளையின் ஓரம் பூசப்படாமல் விடப்பட்டிருந்ததால் ஈரம் அங்கிருந்தே ஏறியிருக்கிறது. மட்கிய மரத்தை முழுவதும் சுரண்டி எடுத்து, கிரைண்டரால் பழைய பைபர் வெளுத்துத் தெரியும்வரை தேய்த்து, பத்து நாள் நிழலில் காயவிட்டார்கள். இந்தப் பொறுமைதான் எனக்கு அவர்கள்மேல் நம்பிக்கையை உண்டாக்கியது.

இடித்த வீடு ஒன்றிலிருந்து எடுத்து வைத்திருந்த பர்மா தேக்குப் பலகையை நான் ஆசையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். மேஸ்திரி அதை மறுத்துவிட்டார். தேக்கில் இயல்பாக உள்ள எண்ணெய், கண்ணாடியிழையை மரத்தோடு ஒட்டி இறுகும் ரெசினைச் சரியாகப் பிடிக்கவிடாது என்றும், முழுமரம் ஈரத்துக்கும் வெயிலுக்கும் அகலவாக்கில் உப்பிச் சுருங்கும் என்றும், குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பிளைவுட்டில் அந்த அசைவு மிகக் குறைவு என்றும் விளக்கினார். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள 18 மி.மீ. மரைன் பிளைவுட் இரண்டை எபாக்சி என்ற ரெசினால் ஒன்றாக ஒட்டி, வெட்டுமுனை எல்லாவற்றுக்கும் ரெசின் ஊட்டிய பிறகே உள்ளே பொருத்தினார்கள்.

பாலியஸ்டர் ரெசின் விலை குறைவு. ஆனால் கெட்டிப்பட்ட பழைய பைபரில் அது எபாக்சி அளவுக்குப் பிடிப்பதில்லை. ஆகவே எபாக்சிக்கே சம்மதித்தோம். சாதாரண மேட்டின் இழைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பசை பெரும்பாலும் பாலியஸ்டர் ரெசினில்தான் கரையும் என்பதால், அதற்குப் பதில் தைத்த கண்ணாடியிழைத் துணியைப் பயன்படுத்தினார்கள். பின்பலகை பக்கச்சுவரோடு சேரும் மூலையைக் கெட்டியான எபாக்சிக் குழம்பால் வளைவாக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் முந்தையதைவிட அகலமாகப் பக்கச்சுவர்மேல் ஏற்றியிருக்கிறார்கள். என்ஜினின் தள்ளுவிசை பலகையோடு நின்றுவிடாமல் படகின் உடல் முழுவதும் பரவுவது இதனால்தான். செட்டிநாட்டு வெயிலில் கலந்த எபாக்சி கிண்ணத்திலேயே சூடேறி இறுகிவிடும் என்பதால், விடியற்காலையில் சிறிது சிறிதாகக் கலந்தே வேலை செய்தார்கள்.

குறை ஒன்று உண்டு, அது சிறியதன்று. என்ஜின் போல்ட்டுக்கான துளைகளை நேராகத் துளைத்துச் சிலிக்கோன் பசை மட்டும் பூசியிருந்தார்கள். அத்தனை கவனமாக மரத்தை மூடியவர்கள் அதே மரத்துக்கு மீண்டும் வாசல் திறந்துவிட்டது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. நான் வற்புறுத்திய பிறகு துளைகளைப் பெரிதாக்கி, எபாக்சியால் நிரப்பி, இறுகியதும் நடுவில் மறுபடி துளையிட்டுக் கொடுத்தார்கள். கூடுதல் பணம் கேட்கவில்லை.

பாக் நீரிணையில் ஆழம் குறைவு. என்ஜினின் நீருக்குள் இருக்கும் கால்பகுதி இரண்டு முறை மணல்திட்டில் மோதியும் பின்பலகையில் அசைவோ மூலையில் கீறலோ இல்லை. பதினைந்து நாள் என்று சொன்ன வேலைக்கு இருபத்தாறு நாள் ஆனது. காயவைத்த நாள்களை அவர்கள் முதலிலேயே கணக்கில் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். பொருளும் கூலியும் சேர்த்து 34,000 ரூபாய் கொடுத்தோம். அங்கே படகைக் கொடுப்பவர்கள் போல்ட் துளைகளைப் பற்றி முதல் நாளே பேசிவிட வேண்டும்.