பிட் நோட்டீஸா? தெப்பக்குளம் பக்கத்து அண்ணாச்சி பிரஸ்ஸுக்குப் போங்கள்

விருதுநகர் தெப்பக்குளத்தை ஒட்டிய சந்தில் இருக்கிற சின்ன ஆஃப்செட் பிரஸ். என் தையல் கடைக்கு பில் புக் அடிப்பது இங்கேதான். ஆனால் நான் எழுத வந்தது 2022 நகராட்சித் தேர்தலுக்கு அடித்த பிட் நோட்டீஸைப் பற்றி.

எங்கள் வார்டில் சுயேச்சையாக நின்றேன். கையில் இருந்தது சீட்டு எடுத்த பணம் மட்டும். மச்சான் எழுதித் தந்த வாசகத்தை நீட்டினேன்: 'வார்டின் விடிவெள்ளியே! வீரமங்கையே!' அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் படித்தார். "ஏம்மா, உன்னையப் பத்தி இப்படி அடிச்சு, வீடு வீடா நீயே கொண்டுபோய்க் கொடுப்பியா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வேலை கொடுக்க வந்தவளிடம் இப்படியா பேசுவது? ஆனால் அவர் விடவில்லை. தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருக்கா வருது, வாறுகால் (தெருச் சாக்கடை) கடைசியா எப்ப அள்ளுனாங்க என்று கேட்டுக் கேட்டு, நான் சொன்னதையே எழுதினார். 'வாறுகாலைத் தூர்வார வைப்பேன். குடிதண்ணீர் என் ஒருத்தியால் ஆகிற காரியமில்லை. கூட்டத்தில் கேட்பேன், கிடைத்த பதிலை உங்களிடம் வந்து சொல்வேன்.' கீழே என் செல் நம்பர். கை கூப்பிய படத்தைப் பெரிதாகப் போடச் சொன்னேன். தபால்தலை அளவுக்குத்தான் போட்டார். ஏழடி உயரத்துக்குத் தன் படத்தை வைத்துவிட்டு அடியில் 'பணிவன்புடன்' என்று போடுகிறவர்களை நினைத்தால் அவர் செய்தது சரிதான்.

சுவரில் காமராஜர் படம் இருக்கிறது. ப்ரூஃபுக்குக் காத்திருந்தால் 1967 கதையைக் கேட்காமல் தப்ப முடியாது. சொந்த ஊரிலேயே, மாணவர் தலைவராக இருந்த சீனிவாசனிடம் 1285 ஓட்டில் தோற்றார். "எதைக் கேட்டாலும் 'ஆகட்டும் பார்க்கலாம்'னு சொன்ன மனுஷன். அடிபட்டுக் கிடந்தப்ப 'படுத்துக்கிட்டே ஜெயிப்பேன்'னு சொன்னதா ஒரு பேச்சு. சொன்னாரோ இல்லையோ, அந்த ஒரு வார்த்தை இன்னும் ஊர் வாயில நிக்குது பாரு." அரிசித் தட்டுப்பாடு, இந்தி எதிர்ப்புப் போராட்டம் என்று எத்தனையோ காரணம் இருந்தது. அண்ணாச்சிக்கு எல்லாமே வாசகக் கோளாறுதான்!

குறைகளும் உண்டு. செவ்வாய்க்கிழமை தருவதாகச் சொன்னது வியாழன் ராத்திரிதான் கைக்கு வந்தது. பிரச்சார நேரத்தில் இரண்டு நாள் என்பது சின்ன விஷயமில்லை. 'வாறுகால்' 'வாருகால்' ஆகியிருந்தது. வண்டி நிறுத்த இடமே கிடையாது. ஃப்ளெக்ஸ் வேண்டுமென்றால் வேறு இடம் பாருங்கள். 2019-இல் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஒரு பெண் செத்துப்போனதிலிருந்து அந்த ஆர்டரையே எடுப்பதில்லை என்றார். காகிதம் கெட்டி, மை கையில் ஒட்டவில்லை, கூலி நியாயம்.

தோற்றுப்போனேன். மறுநாளே நன்றி நோட்டீஸ் அடிக்கப் போனேன். மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். 'ஓட்டுப் போட்டவர்களுக்கு நன்றி. போடாதவர்களுக்கும் வணக்கம். வாறுகால் விஷயத்தை விடமாட்டேன். அதே நம்பர்தான்.' ஐந்நூறு அடித்தார். கம்போசிங் கூலி வாங்கவில்லை. இந்தத் தடவை 'று' சரியாக இருந்தது.