ஹோலோகிராம் திரை வடிவமைப்பில் பிளெண்டர்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

அறிபுனைத் தொலைக்காட்சித் தொடர்களில் காற்றில் மிதக்கும் ஹோலோகிராம் திரைகளை வடிவமைக்கப் பல ஆண்டுகளாக பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளையே முதன்மைக் கருவியாகப் பயன்படுத்தி வருகிறேன். 2019 ஜூலையில் வெளியான 2.80 பதிப்பில், காட்சியை விரைவாகப் படமாக்கித் தரும் ஈவீ ரெண்டர் முறை வந்த பிறகுதான், தொலைக்காட்சிப் படப்பிடிப்பின் அவசரத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடிந்தது.

ஹோலோகிராம் என்று நாம் காட்டுவது வெறும் ஒளி. அது பின்னால் உள்ள பொருளின் மீது கூடுமே தவிர அதை மறைக்காது. ஒரு பரப்பின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் ஷேடர்களில், ஒளியை உமிழும் எமிஷன் ஷேடரையும் ஒளியை ஊடுருவவிடும் டிரான்ஸ்பரன்ட் ஷேடரையும் ஆட் ஷேடரால் கூட்டி இணைத்தால் இந்த இயல்பு பிளெண்டரில் அப்படியே கிடைத்துவிடுகிறது. ஆனால் கூடும் ஒளியில் கறுப்பு நிறத்துக்கு இடமே இல்லை. 1987இல் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடருக்கு மைக்கேல் ஒகூடா வடிவமைத்த விண்கலக் கட்டுப்பாட்டுப் பலகைகளில் கறுப்புப் பின்னணியே வண்ணக் கட்டங்களைத் தெளிவாகக் காட்டியது, நடிகர் விரல் வைக்க உண்மையான பரப்பும் இருந்தது. இவ்விரண்டு வசதியும் நமக்கு இல்லை. நடிகருக்குப் பின்னால் வெளிச்சமான சுவர் இருந்தால் எவ்வளவு நேர்த்தியான எழுத்தும் கரைந்துபோகும் என்பதால், வடிவமைப்பைத் தொடங்கும் முன்பே ஒளிப்பதிவாளரிடம் பேசி இருண்ட பின்னணியைக் கேட்டுப் பெறுவதை எந்த மென்பொருள் அறிவையும்விட முக்கியமானதாகக் கருதுகிறேன்.

நிறத்தைப் பொறுத்தவரை, 2023 நவம்பரில் வந்த 4.0 பதிப்பின் ஏஜிஎக்ஸ் (ரெண்டரின் ஒளி அளவுகளைத் திரை நிறங்களாக மாற்றும் முறை) பெரிய முன்னேற்றம். பழைய ஸ்டாண்டர்ட் முறையில் பிரகாசமான நீலக் கோடுகள் ஓர் எல்லைக்குமேல் தட்டையான நிறப்பட்டையாகிவிடும்; ஏஜிஎக்ஸில் அவை படிப்படியாக வெண்மையை நோக்கி நகர்வதால் கண்ணுக்கு உண்மையான ஒளியாகப் படுகின்றன. நிறம் சற்று வெளிறுவது உண்மைதான், எனினும் அந்த இழப்பை நான் மனமுவந்து ஏற்கிறேன்.

இயக்குநர் கடைசி நேரத்தில் திரையிலுள்ள வளையங்களைக் கூட்டச் சொன்னாலும், வடிவங்களை விதிகளால் உருவாக்கும் ஜியோமெட்ரி நோட்ஸில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். படமெடுத்த கேமராவின் அசைவைக் கணித்துப் பின்தொடரும் கேமரா டிராக்கிங்கும் பிளெண்டருக்கு உள்ளேயே இருப்பதால் திரை காட்சியில் நிலையாக நிற்கிறது. ஆனால் நடிகரின் விரல் தொடும் கணத்தைக் கையால், ஃபிரேம் ஃபிரேமாகப் பொருத்துவதையே இன்றும் நம்புகிறேன், ஏனெனில் ஒரு ஃபிரேம் பிந்தினாலும் அவர் வெறுங்காற்றைத் தட்டுவது அம்பலமாகிவிடும்.

எழுத்தமைப்பில்தான் பிளெண்டர் பின்தங்குகிறது. பத்தி, இடைவெளி, அட்டவணை ஆகியவற்றைக் கையாளும் வசதிகள் குறைவு. ஆகவே எழுத்துகளை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் அமைத்து, எஸ்விஜி என்ற வெக்டர் படக் கோப்பாகக் கொண்டுவருகிறேன். கதை எழுதுபவர்கள் வாசகங்களை அடிக்கடி மாற்றும் தொடராக இருந்தால், எழுத்து அடுக்கை மட்டும், படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இணைக்கும் காம்போசிட்டிங் கட்டத்துக்கு ஒத்திவைத்துவிடுகிறேன்.