ரோம எண்ணில் லட்சம்: மேல்கோடா, திருப்பிப் போட்ட சி-யா?

பள்ளிக் கண்காட்சிக்காக ரோமப் பேரரசைப் பற்றி ஒரு சார்ட் எழுதிக் கொடுத்தேன். கி.மு. 5-இல் ரோம் நகர மக்கள் 3,20,000 பேருக்குத் தலைக்கு 60 தெனாரியஸ் (வெள்ளி நாணயம்) கொடுத்ததாக முதல் பேரரசர் அகஸ்டஸ் தன் சாதனைக் கல்வெட்டில் சொல்கிறார். அந்த எண்ணை ரோமக் குறியிலேயே காட்ட ஆசை. ஆயிரத்துக்கு எம். அதையே அடுக்கினால் 320 எம் வேண்டும், அது ஆகாத வேலை. மிச்சம் இரண்டு வழி.

ஒன்று மேல்கோடு. எண்ணுக்கு மேல் கோடு இழுத்தால் ஆயிரம் மடங்கு. மேலேயும் இரு பக்கமும் இழுத்தால் லட்சம் மடங்கு. 320-க்கான ஐந்து எழுத்துக்கு மேல் ஒரு கோடு போட்டால் முடிந்தது. இடம் குறைவு என்றால் இதுதான் சரி.

இன்னொன்று, நடுவில் ஐ, அதன் இடப்பக்கம் சி, வலப்பக்கம் திருப்பிப் போட்ட சி. ஒரு ஜோடி என்றால் 1,000, இரண்டு ஜோடி 10,000, மூன்று ஜோடி 1,00,000. இந்த முறையில் என் எண்ணுக்கு 31 எழுத்து ஆனது. இருந்தும் இதைத்தான் எடுத்துக்கொண்டேன்.

பார்த்து எழுதுகிறவர் கையில் எது சிதையாமல் நிற்கும் என்பதே காரணம். கோடு விட்டுப்போனால் 3,20,000 வெறும் 320 ஆகிவிடும். பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. போதாததற்கு, 'இது சொல் இல்லை, எண்' என்று காட்டவும் ரோமர்கள் மேலே கோடு போட்டார்கள். அகஸ்டஸின் மனைவி லிவியா, பின்னாளில் பேரரசரான கால்பாவுக்கு 5 கோடி செஸ்டர்ஷியஸ் (ரோம நாணயம்) உயிலில் எழுதிவைத்தார். தொகை சொல்லில் இல்லாமல் குறியில் இருந்ததால் அவருடைய மகனும் வாரிசுமான பேரரசர் திபேரியஸ் அதை 5 லட்சமாக்கினார், அதுவும் கால்பாவுக்குக் கிடைக்கவில்லை என்கிறார் ரோம வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ். அவர் மேல்கோடு பற்றிப் பேசவில்லை. ஆனால் கணக்கு அச்சாகப் பொருந்துகிறது: 500-க்கு மூன்று பக்கமும் கோடு இருந்தால் 5 கோடி, மேலே மட்டும் என்றால் 5 லட்சம்.

சி முறையில் இந்த ஆபத்து குறைவு. இடப்பக்கம் மூன்று சி, வலப்பக்கம் இரண்டு என்றால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று கண்ணே சொல்லிவிடும். ஆனால் 5,000, 50,000 குறிகளில் ஐ-க்கு இடப்பக்கம் சி கிடையாது. அங்கே ஒரு சி தவறினால் பத்தில் ஒரு பங்காகிவிடும், தெரியவும் தெரியாது. கணினியில் இரண்டையும் அதிகம் அடித்ததில்லை. அடித்தவரை, எழுத்துரு மாறியதும் முதலில் இடம் பெயர்ந்தது மேல்கோடுதான்.

பத்து லட்சத்தைத் தாண்டினால் சி முறையும் தாங்காது. கி.மு. 260-இல் மைலே கடற்போரில் வென்ற ரோமத் தளபதி துயிலியஸின் தூண் கல்வெட்டில் லட்சக் குறி இருபது முறைக்கு மேல் வரிசைகட்டி நிற்கிறது. அதனால் கி.மு. 28-இன் குடிமக்கள் கணக்கான 40,63,000-ஐ மட்டும் சார்ட்டில் எழுத்தால் எழுதினேன். அகஸ்டஸும் அதைச் சொல்லாகத்தான் பொறிக்க வைத்தார்: நாற்பது நூறாயிரமும் அறுபத்து மூவாயிரமும்.