காப்பர் டி, ஹார்மோன் காயில், ஆபரேஷன் – எது யாருக்கு?

எங்கள் தெருவில் இன்றைக்கும், கரு தங்காமலிருக்கக் கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டியைப் போட்டு வந்தால் ‘லூப் போட்டுக்கிட்டியா’ என்றுதான் கேட்பார்கள். 1965-இல் அரசு கொண்டுவந்த லிப்பஸ் லூப் என்ற பிளாஸ்டிக் சுருள் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது, கூடவே அது நெஞ்சுக்கு ஏறிவிடும், புருஷனுக்குக் குத்தும், எடுத்தாலும் அப்புறம் குழந்தை தங்காது என்ற பயங்களும். நான் 2013-இலிருந்து மூன்று முறை போட்டிருக்கிறேன். ஒன்று தானாக விழுந்தது, ஒன்று எட்டு வருஷம் இருந்தது, மூன்றாவது இப்போது உள்ளே இருக்கிறது. தங்கச்சியோ நாத்தனாரோ வந்து ‘எதைப் போடலாம்’ என்றால் நான் முதலில் கேட்பது, மாசாமாசம் உனக்கு எப்படிப் போகும் என்பதுதான். எத்தனை வருஷம் தாங்கும், எவ்வளவு காசு என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

காப்பர் டியிலேயே நம்மூரில் இரண்டு உண்டு. 380ஏ என்பது நிஜமாகவே டி எழுத்து மாதிரி, தண்டில் செம்புக் கம்பி சுற்றியிருக்கும், இரண்டு கைகளிலும் சின்னச் செம்புக் குழாய் மாட்டியிருக்கும், 10 வருஷம் தாங்கும். 375 என்பது வளைந்த கைகளில் மீன்முள் போல பல் பல்லாக இருப்பது, 5 வருஷம். அந்த எண்கள் உள்ளே இருக்கும் செம்பின் பரப்பளவு, சதுர மில்லிமீட்டரில். இரண்டும் அரசு மருத்துவமனையில் இலவசம். இந்த இரண்டுக்குள் பெரிய வித்தியாசம் பார்க்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. அடுத்த குழந்தைக்கு மூன்று நான்கு வருஷம் இடைவெளி போதும் என்பவர்கள் 375 கேட்கிறார்கள், ஆனால் 380ஏ போட்டவரும் இரண்டே வருஷத்தில் எடுத்துக்கொள்ளலாம், பத்து வருஷம் முடிந்தால்தான் எடுப்பார்கள் என்று எந்தச் சட்டமும் இல்லை.

உண்மையான போட்டி செம்புக்கும் ஹார்மோனுக்கும்தான். காப்பர் டியில் ஹார்மோனே கிடையாது. செம்பு மெல்லக் கரைந்து விந்தணுவை நீந்த விடாமல் செய்கிறது, அவ்வளவுதான், அதனால் உடம்பு பெருத்தது, முடி கொட்டியது என்று காப்பர் டி மேல் பழி போடுவதில் அர்த்தமில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. முதல் மூன்று முதல் ஆறு மாதம் ரத்தப்போக்கு கூடும், அடிவயிறு இழுத்துப் பிடிக்கும். நாலு நாள் இருந்தது ஆறு நாள் ஆகும். பெரும்பாலோருக்குப் போகப் போகக் குறைந்துவிடும், சிலருக்குக் குறையவே குறையாது.

ஹார்மோன் காயில் என்பது மிரெனா, நம் நாட்டு எச்.எல்.எல். நிறுவனத்தின் எமிலி மாதிரியானவை. இதுவும் டி வடிவம்தான். தண்டில் செம்புக்குப் பதில் 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் மருந்து இருக்கும், நாளுக்குச் சுமார் 20 மைக்ரோகிராம் அளவில் கசியும். கருப்பையின் உள்சவ்வு தடிக்காமல் மெலிந்துவிடுவதால் மாதவிலக்கு குறைந்துகொண்டே வரும், ஒரு வருஷத்தில் ஐந்தில் ஒருவருக்குச் சுத்தமாக நின்றே போகும். அதற்கு முன் மூன்று நான்கு மாதம் பொட்டுப் பொட்டாகப் பட்டுக்கொண்டே இருக்கும், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகலாமா வேண்டாமா என்றே தெரியாத அந்தக் காலம்தான் பலரைக் கோபப்பட்டு எடுக்க வைக்கிறது. மாதவிலக்கு நின்றால் கெட்ட ரத்தம் உள்ளேயே தேங்கிவிடும் என்று என் மாமியார் பயந்தார். தேங்குவதற்கு அங்கே ஒன்றும் உருவாவதே இல்லை என்று டாக்டர் படம் வரைந்து காட்டிய பிறகுதான் சமாதானம் ஆனார்.

என் கதை இதுதான். 2016-இல் இரண்டாவது பிறந்து ஆறு வாரம் கழித்து 380ஏ போட்டேன். முதல் ஐந்தாறு வருஷம் இருப்பதே தெரியாது. முப்பத்தெட்டு வயதில் ஆரம்பித்தது, மணிக்கொரு நாப்கின், இரவில் பழைய துண்டை விரித்துப் படுப்பது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது. ஹீமோகுளோபின் 8.4. ஸ்கேனில் கருப்பை லேசாக வீங்கியிருந்தது. காப்பர் டி மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது, வயதும் சேர்ந்துகொண்டது, ஆனால் அந்த நிலையில் செம்பை உள்ளே வைத்திருப்பது எரிகிற அடுப்பில் விறகு செருகுகிற வேலை. 2024-இல் அதை எடுத்துவிட்டு அதே தடவையிலேயே ஹார்மோன் காயில் போட்டார்கள். எட்டாவது மாதம் ஹீமோகுளோபின் 11.6, இரும்பு மாத்திரையும் விழுங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் இலவசமாகக் கையில் கொடுப்பது ரத்தப்போக்கைக் கூட்டுகிற காயிலை, குறைக்கிற காயிலுக்கோ வெளியே ஆயிரக்கணக்கில் எண்ணி வைக்க வேண்டும். இந்தக் குறை எனக்கு ரொம்ப நாளாக உண்டு.

ஹார்மோன் காயிலை நம்மூர் டாக்டர்கள் பொதுவாக 5 வருஷம் என்றே எழுதித் தருகிறார்கள். அமெரிக்காவில் மிரெனாவுக்குக் கருத்தடைக்காக என்றால் 8 வருஷம் என்று 2022-இல் நீட்டித்துவிட்டார்கள், ரத்தப்போக்கைக் குறைக்க என்றால் அங்கேயும் 5 தான்.

எப்போது போடுவது என்பதிலும் இரண்டு கட்சி. பிரசவம் ஆகி நஞ்சுக்கொடி விழுந்த பத்து நிமிஷத்துக்குள், இல்லை 48 மணி நேரத்துக்குள் போடலாம், அதைத் தவறவிட்டால் ஆறு வாரம் கழித்துத்தான். உடனே போடுவதில் வசதி என்ன என்றால், மறுபடி வரவேண்டாம், வலி தனியாகத் தெரியாது, சிசேரியன் என்றால் வயிறு திறந்திருக்கும்போதே வைத்துவிடுவார்கள். சங்கடம் என்னவென்றால் கருப்பை அப்போது பெரிதாக இருந்து பிறகு சுருங்குவதால் வெளியே தள்ளிவிடும் வாய்ப்பு கூடுதல், சுகப் பிரசவத்தில் பத்தில் ஒருவருக்காவது விழும். எனக்கு முதல் குழந்தைக்கு அப்படித்தான், ஐந்தாவது வாரம் பாத்ரூமில் ஏதோ கடினமாகத் தட்டுப்பட்டது, பார்த்தால் வெள்ளையாக டி. அதைவிட என்னை உறுத்தியது வேறு: போட்டதே எனக்குச் சரியாகத் தெரியாது. வலியில் கிடந்தபோது யாரோ ஏதோ கேட்டார்கள், தலையாட்டினேன் போல. டிஸ்சார்ஜ் சீட்டில் பார்த்துத்தான் தெரிந்தது. சீட்டைக்கூடப் பார்க்காமல் இரண்டு வருஷம் ‘ஏன் தங்கவில்லை’ என்று கோயில் கோயிலாக ஏறியவர்களை எனக்குத் தெரியும். அதனால் வயிற்றுப் பிள்ளையோடு இருக்கும்போதே, ஏழாம் மாதச் செக்கப்பில், வேண்டும் அல்லது வேண்டாம் என்று வாயால் சொல்லி அட்டையில் எழுதச் சொல்லுங்கள்.

வலியைப் பற்றிப் பூசி மெழுக மாட்டேன். ஆறு வாரம் கழித்துப் போட்டபோது கருப்பை வாயைக் கிடுக்கியால் பிடித்ததும் ஒரு சுருக், ஆழத்தை அளக்கக் கம்பியை விட்டதும் இடுப்பே முறுக்கிக்கொண்ட மாதிரி இருந்தது. மொத்தம் ஐந்து நிமிஷம். ‘பல்லைக் கடிக்காதம்மா, மூச்சை விடு’ என்று நர்ஸம்மா சொன்னதுதான் மருந்து. சுகப் பிரசவம் ஆனவர்களுக்கு ஓரளவு சுலபம், பிரசவமே ஆகாதவர்களுக்கும் சிசேரியன் மட்டுமே ஆனவர்களுக்கும் கொஞ்சம் கூடும். மரத்துப்போகும் மருந்து தடவியோ ஊசி போட்டோ செய்தால் வலி குறையலாம் என்று 2024-இல் அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி.யின் வழிகாட்டலிலேயே எழுதிவிட்டார்கள், நீங்களும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

எடுப்பது அதைவிடச் சுலபம். வெளியே தொங்கும் நூலைப் பிடித்து இழுத்தால் கைகள் மடங்கி வந்துவிடும், ஒரு இருமலுக்குள் முடிந்துவிடும். எனக்கு நூல் காணவில்லை. நெஞ்சு திக்கென்றது, ஆனால் டாக்டர் பால் பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் குட்டி மாதிரி ஒன்றை விட்டுச் சுழற்றினார், மேலே சுருண்டு கிடந்த நூல் இறங்கி வந்தது. கையில் வாங்கிப் பார்த்தேன், செம்பு கறுத்துப்போய் பழைய குத்துவிளக்குத் திரி மாதிரி இருந்தது. நூல் அப்படியும் கிடைக்காவிட்டால் ஸ்கேன், எக்ஸ்ரே என்று தேடுவார்கள். கருப்பைச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போவது நடக்கும், ஆயிரத்தில் ஒன்று, பால் கொடுப்பவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல். நெஞ்சுக்கெல்லாம் ஏறாது.

எடுத்த மாதமே கரு தங்கலாம். அதனாலேயே, மாற்றப் போகிறவர்களும் எடுப்பதற்கு முந்தைய ஒரு வாரம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது, பழையது எடுத்துப் புதியது ஏறாமல் போய்விட்டால் ஏற்கெனவே உள்ளே இருக்கும் விந்தணு காத்திருக்காது. செம்பு போட்ட நிமிஷத்திலிருந்து வேலை செய்யும். ஹார்மோனை மாதவிலக்கு தொடங்கி ஏழு நாள் கழிந்த பிறகு போட்டால் இன்னொரு வாரம் ஆணுறை வேண்டும்.

சரி, கருக்குழாயை அடைக்கிற குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்? தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேல் அதுதான் செய்துகொண்டிருக்கிறார்கள், இரண்டாவது பிறந்தாலே ‘கையோடு பண்ணிடலாம்’ என்பார்கள். தோற்றுப்போகும் கணக்கில் மூன்றுமே கிட்டத்தட்ட ஒன்று, முதல் வருஷத்தில் நூறில் ஒருவருக்கும் குறைவு. குழந்தை போதும் என்று உறுதியாக இருந்து, மாதவிலக்கும் சீராக இருப்பவருக்கு ஆபரேஷனில் எந்தக் குறையும் நான் சொல்ல மாட்டேன், மயக்கமும் தையலும் போக. இருபத்திரண்டு இருபத்திமூன்று வயதில் முடிவு செய்யச் சொல்லும்போதுதான் எனக்கு இடிக்கிறது. அந்த வயதில் 380ஏ போட்டால் முப்பத்திரண்டில் உட்கார்ந்து யோசிக்கலாம். ஆண்கள் செய்துகொள்ளும் தழும்பில்லாத வாசெக்டமி இதைவிடச் சின்ன வேலை என்பதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், அன்றைக்கு அவருக்கு அவசரமாகக் கடைக்குப் போக வேண்டியிருந்தது.

காரணம் தெரியாத ரத்தப்போக்கு, இடுப்புக்குழியில் நோய்த்தொற்று உள்ளவர்கள் அதைப் பார்த்த பிறகே எந்தக் காயிலும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு ஹார்மோன் காயில் கிடையாது, செம்பு போடலாம். காயில் இருக்கும்போது நாள் தள்ளிப்போய் டெஸ்டில் இரண்டு கோடு வந்தால் அன்றைக்கே ஸ்கேன், கரு குழாயில் தங்கியிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

தேதியை எழுதி வையுங்கள். நான் ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறேன். எங்கள் பின்வீட்டு அத்தைக்கு அறுபத்தொன்று, போன வருஷம் இடுப்பு வலிக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், படத்தில் இடுப்பெலும்புக்கு நடுவே பளிச்சென்று ஒரு டி. அத்தை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ‘இது நம்ம சின்னவன் பொறந்தப்போ போட்டதுல்ல’ என்றார். சின்னவனுக்குப் போன தையில்தான் முப்பது முடிந்தது.