ரோவர் பி5பி: இன்ஜினை ரசியுங்கள், தகரத்தைப் பார்த்து வாங்குங்கள்

ரோவர் பி5பி ஒரு பழைய பிரிட்டிஷ் கார். பெயரின் கடைசி 'பி' அமெரிக்கக் கார் நிறுவனமான ப்யூக்கைக் குறிக்கிறது. 1961 முதல் 1963 வரை அமெரிக்காவில் ப்யூக் கார்களில் வந்த 215 கன அங்குல அலுமினிய வி8தான் (வி வடிவில் எட்டு சிலிண்டர்) இந்த இன்ஜினின் மூலம். வார்ப்பில் நுண்துளை விழுந்து கழிவு கூடியது, செலவும் ஏறியது. ப்யூக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் இரும்புக்கே திரும்பிவிட்டது. ரோவரின் நிர்வாக இயக்குநர் வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட் முனைந்து நிற்க, 1965ல் இன்ஜினைத் தயாரிக்கும் உரிமை ரோவருக்குக் கைமாறியது. ப்யூக் பொறியாளர் ஜோ டர்லே இங்கிலாந்து வந்து கைகொடுத்தார். ரோவர் இன்ஜினின் உடலான பிளாக்கை மணல் அச்சில் வார்த்து, சிலிண்டரின் உட்குழாயான லைனரைப் பிறகு அழுத்திச் செருகியது. எஸ்யூ நிறுவனத்தின் இரண்டு கார்புரேட்டர்களோடு 3528 சிசி இன்ஜின் 1967ல் பி5 காரில் ஏறியது.

அதுவரை இருந்த 3 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின் கனமானது, சோம்பலானது. வி8 வந்ததும் முன்பக்கப் பாரம் குறைந்தது. வண்டி சத்தமில்லாமல் நழுவிப் போகிறது. மூன்று கியர் ஆட்டோமேட்டிக் மட்டுமே உண்டு, அது போதும். 1979ல் மார்கரெட் தாட்சர் பிரிட்டிஷ் பிரதமராக டவுனிங் தெருவுக்கு வந்து இறங்கியது இந்தக் காரில்தான். தயாரிப்பு நின்று அப்போதே ஆறு வருடம்.

இன்ஜின் தொல்லைகள் பெரும்பாலும் பராமரிப்புக் குறையால் வருபவை. அரிப்புத் தடுப்பான் இல்லாத வெறும் தண்ணீர் ஊற்றினால் அலுமினியம் உள்ளுக்குள் அரிபடும், அந்தக் கசடு ரேடியேட்டரை அடைக்கும், பிறகு பிளாக்குக்கும் சிலிண்டர் மூடிக்கும் நடுவில் உள்ள ஹெட் கேஸ்கெட் போகும். கிளைக்கால் (glycol) கூலன்ட்டைத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஆயில் மாற்றாத வண்டியில் சகதி சேர்ந்து வால்வைத் தள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட் தட்டும், அதை இயக்கும் கேம்ஷாஃப்ட் தேயும். துத்தநாகம் கலந்த 20டபிள்யூ-50 ரக ஆயில் போடுங்கள். ஆயில் பிரஷர் குறைவாகக் காட்டுவது இந்த இன்ஜினின் இயல்பு, பதற வேண்டாம். ஆனால் ஆயில் பம்ப்பைத் திறந்தால் பற்சக்கரங்களைச் சுற்றி வாஸ்லினை நிறைத்து மூட வேண்டும். இல்லாவிட்டால் பம்ப் ஆயிலை இழுக்காது, பேரிங் உலர்ந்து ஓடும். கம்ப்ரஷன் 10.5:1 என்பதால் ஆக்டேன் குறைந்த பெட்ரோலில் நாக்கிங் (எரிபொருள் தாறுமாறாக எரிந்து தட்டும் சத்தம்) வரும். தீப்பொறி விழும் நேரமான இக்னிஷன் டைமிங்கைக் கொஞ்சம் பின்தள்ளியே ஆக வேண்டும்.

இதெல்லாம் சரிசெய்யக்கூடியவை, உதிரிபாகமும் கிடைக்கும். துருதான் ஆளை விழுங்கும். கதவுக்குக் கீழே ஓடும் 'சில்' (sill) என்ற விளிம்புத் தகடு, அதன் உட்தகடு, பின் லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடம், முன் மட்கார்டின் உட்புறம் ஆகியவற்றை டார்ச் அடித்து, விரலால் அழுத்திப் பாருங்கள். புது பெயின்ட்டுக்கு அடியில் பட்டி இருக்கிறதா என்று காந்தம் காட்டிவிடும். இந்தக் கார் கூப்பே, சலூன் என இரண்டு உடலமைப்பில் உண்டு. கூப்பேயின் தாழ்ந்த கூரை அழகுதான். பின்சீட்டில் உயரமானவர்கள் உட்காருவதென்றால் சலூனையே எடுங்கள்.